பின்னணி மங்கிய மன்னார்

எங்கள் பகுதி இளைஞர் நால்வர் ஓய்வுநாட்களில் கமராவும் கையுமாகத் திரிகிறார்கள். ஒருவர் எழுதுவினைஞர், ஒருவர் கைத்தொலைபேசி திருத்துபவர், மற்ற இருவரும் என்னிடம் படித்து இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள். சனிக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் லுஹருக்குத்தான் திரும்புவார்கள். தலைமன்னார் இறங்குதுறை, பள்ளிமுனைப் பெருக்கமரம், வங்காலைக் கரையின் பூநாரைகள், எருக்கலம்பிட்டியின் வள்ளங்கள், அரிப்பில் கடல் கரைத்துக்கொண்டிருக்கும் பழைய ஆளுநர் மாளிகை, முசலிப் பக்கத்துப் பாழடைந்த கிணறுகள் என்று அவர்கள் போகாத இடமில்லை. கமரா டிஜிட்டல், அதன் முகத்தில் பூட்டியிருக்கும் வில்லை மட்டும் அவர்களைவிட வயது கூடியது. வாப்பாமார் காலத்துப் பிலிம் கமராக்களிலிருந்து கழற்றியது, அல்லது கொழும்பில் பழைய சாமான் விற்கும் கடையில் பேரம் பேசி வாங்கியது.

இவர்கள் எடுத்த படங்களில் இருநூறு அளவில் ஒரு மாலை முழுவதும் இருந்து பார்த்தேன். ஒரு கவிதைத் தொகுதியை வாசிப்பது போலத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது அழகு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மனதில் ஒரு நெருடல். அந்த நெருடல் என்னவென்று விளங்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை. இலக்கிய ஏட்டில் புகைப்படத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நமது கதைகளிலும் கவிதைகளிலும் உள்ள ஒரு குறையைத்தான் இந்தப் படங்கள் எனக்குக் காட்டித்தந்தன.

முதலில் இந்தப் பழைய வில்லை புதிய கமராவில் எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னைய பிலிம் கமராக்களில் வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருக்கும். அதற்கு இடம் வேண்டுமென்பதால் வில்லை பிலிமிலிருந்து தள்ளியே பூட்டப்பட்டது. திருகாணி போலச் சுழற்றிப் பூட்டும் 42 மில்லிமீற்றர் வகை வில்லைகளுக்கு அந்த இடைவெளி 45.46 மில்லிமீற்றர். 2008 முதல் சந்தைக்கு வந்த கண்ணாடியில்லாத டிஜிட்டல் கமராக்களில் அந்த இடம் தேவையில்லை. சொனியின் வகையில் அது 18 மில்லிமீற்றர்தான். மிச்சமுள்ள 27 மில்லிமீற்றர் சொச்சத்தை ஓர் உலோக வளையத்தால் நிரப்பினால் பழைய வில்லை அப்படியே பொருந்திவிடும். வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் காற்றுத்தான். இதனால் ஜப்பானின் டாக்குமர், சோவியத் நாட்டின் ஹீலியோஸ், பழைய நிக்கோர் என்று அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த வில்லைகளெல்லாம் மீண்டும் உயிர்பெற்றன.

இவற்றில் தானாக எதுவும் நடக்காது. தூரத்தைக் கையால் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒளி புகும் துவாரத்தையும் கையாலேயே அகட்ட வேண்டும், சுருக்க வேண்டும். 1985இல் மினோல்டா 7000 வந்ததன் பிறகு உலகம் கைவிட்ட வேலைகள் இவை. இன்று நம் பிள்ளைகள் விரும்பி இதற்குத் திரும்பியிருக்கிறார்கள் என்றால் அது வெறும் மோகமென்று நான் நினைக்கவில்லை. வளையத்தைத் திருப்பும் நேரம் பார்க்கும் நேரமாக மாறுகிறது. கள்ளத்தனமாகவும் படமெடுக்க முடியாது. எதிரே இருப்பவர் நம்மைக் கண்டுகொள்வார், ஸலாம் சொல்ல வேண்டிவரும், எந்த ஊர் என்று கேட்பார். நம் ஊர்களில் கமராவைக் கண்டதும் கதவைச் சாத்தும் பெண்களும் உருவப்படம் கூடாதென்று ஒதுங்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் அனுமதி கேட்கப் பழக்குகிற கருவி நல்ல கருவியே.

ஆகவே என் குறை கருவியைப் பற்றியதல்ல. அதை எந்தத் துவாரத்தில் வைத்துப் பயன்படுத்துகிறோம் என்பது பற்றியது.

*

படங்களுக்கு வருகிறேன். ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பள்ளிமுனைப் பெருக்கமரம். அதன் அடிமரத்தைச் சுற்றினால் 19 மீற்றருக்கு மேல் வரும். ஆபிரிக்காவுக்குரிய இந்த மரத்தை அரபு வணிகர் இங்கு கொண்டுவந்தார்கள் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. படத்தில் மரத்தின் பட்டையில் உள்ள சுருக்கங்கள் ஒரு முதியவரின் தோல்போலத் துல்லியமாக விழுந்திருக்கின்றன. அதற்கப்பால் பச்சையும் மண்ணிறமும் கரைந்த ஒரு மேகம். மரத்தைச் சுற்றியுள்ள வீடுகளும் வேலியும் பாதையும் அந்த மேகத்துக்குள் போய்விட்டன. இம்மரம் மன்னாரில் நின்றாலென்ன, செனகலில் நின்றாலென்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாவது, வலை பொத்தும் ஒரு பெரியவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருக்கிறார். அந்த நூல் முடிச்சு அவ்வளவு தெளிவு. ஆனால் அவர் பொத்துகிற வலை பாதியிலேயே மங்கிவிடுகிறது. அது கரைவலையா, நண்டுவலையா, இறால் வலையா என்பது தெரியவில்லை. அவர் இருப்பது எந்தத் துறை, பக்கத்தில் நிற்கும் வள்ளம் யாருடையது என்பதும் தெரியவில்லை. அவருடைய தொழிலைத் துவாரம் விழுங்கிவிட்டது. மிஞ்சியது ‘மீனவ முதியவர்’ என்ற பொதுப்பெயர்.

மூன்றாவது, தலைமன்னாரின் பழைய இறங்குதுறை. 1984 வரை இராமேஸ்வரத்துக்குக் கப்பல் போன இடம். துருப்பிடித்த ஒரு இரும்பு ஆணிக்குப் பின்னால் கடல் தங்கநிறத்தில் கரைகிறது. சில டாக்குமர் வில்லைகளின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் அது மஞ்சளேறும். வெயிலில் வைத்துவைத்து எடுத்தால் தெளியும். படத்திலுள்ள தங்கநிறத்தில் பாதி கடலுடையது, பாதி கண்ணாடியின் நோய். பார்ப்பவரோ அதைப் பழைய நினைவின் நிறம் என்று எடுத்துக்கொள்கிறார்.

நான்காவது, பூநாரைகள். வங்காலைச் சரணாலயம் 2010இல் ரம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவைகளுக்குப் பின்னால் மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதில் சில நிற்க வேண்டும். படத்தில் நான்கைந்து வெள்ளைக் கோடுகள் புகைபோல நெளிகின்றன. எடுத்தவரிடம் கேட்டேன். “அது படத்தைக் கெடுக்குது சேர், அதால மங்கவிட்டேன்” என்றார். 2025 ஆகஸ்டில் இந்தத் தீவின் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இருந்தார்கள். அந்தக் கேள்வி முழுவதும் அவர் கரைத்துவிட்ட கோடுகளுக்குள் இருக்கிறது.

ஐந்தாவது, முசலிப் பக்கத்தில் ஒரு கிணற்றுக்கட்டு. அதில் ஓணான் ஒன்று தலையைத் தூக்கி நிற்கிறது. ஹீலியோஸ் வில்லை ஜேர்மனியின் பயோட்டாரைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. துவாரத்தை முழுதாகத் திறந்தால் பின்னணி இலைகளெல்லாம் சுழிபோல வட்டமிடும். இந்தச் சுழிக்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள். கிணற்றைச் சுற்றிக் காடு சுழல்கிறது. மிக அழகான படம் இதுதான். என்னை மிகவும் கலங்கவைத்த படமும் இதுதான். ஏனென்பதைப் பின்னர் சொல்கிறேன்.

*

பின்னணியை மங்கவைப்பதைப் பொக்கே என்று ஜப்பானியச் சொல்லால் அழைக்கிறார்கள். இந்த மங்கல் பழைய வில்லையின் குணம், பழைய காலத்தின் மணம் என்று இவர்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நல்ல வெயிலில் 100 வேகமுள்ள பிலிமுக்கு எஃப் 16 துவாரமும் நூறில் ஒரு பங்கு செக்கனும் போதும் என்பது அக்காலப் புகைப்படக்காரர் எல்லோருக்கும் தெரிந்த வாய்பாடு. துவாரத்தை எஃப் 1.8 வரை அகட்டினால் ஏறக்குறைய எண்பது மடங்கு ஒளி உள்ளே வரும். அதை ஈடுசெய்யச் செக்கனை எட்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். டாக்குமர் வில்லை பிறந்த காலத்து பென்ரக்ஸ் கமராவின் அதிகூடிய வேகம் ஆயிரத்தில் ஒன்று. சாதாரண கமராக்களில் ஐந்நூறில் ஒன்று. எனவே மன்னார் வெயிலில் அன்றைய ஒருவர் எஃப் 5.6க்கோ எஃப் 8க்கோ மேல் துவாரத்தைத் திறக்கவே முடியாது. பிலிமும் உள்ளே போட்டது போட்டதுதான். முப்பத்தாறு படமும் முடியும்வரை மாற்ற இயலாது. மங்கலை வேண்டுபவர் அந்திநேரத்துக்கோ வீட்டுக்குள்ளோ காத்திருக்க வேண்டும்.

நடுப்பகலில் முழுத் துவாரத்தைத் திறந்துவிடும் வசதியைத் தந்தது இன்றைய கமரா. எட்டாயிரத்தில் ஒன்றும் அதற்கு மேலும் போகக்கூடிய வேகம் அதற்கு உண்டு. ஆகவே வெயிலில் கரைந்த பின்னணியுடன் கூடிய இந்தப் ‘பழைய’ மன்னார், பழைய படம் எதிலும் இருந்ததில்லை. வில்லை பழையது, பார்வை முற்றிலும் இன்றையது. இன்றைய ஆசையை நேற்றைய கண்ணாடிக்குள் செலுத்தி, வந்த விளைவுக்கு நினைவு என்று பெயரிட்டிருக்கிறோம்.

இதை நான் கணக்கால் மட்டும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு படம் இருக்கிறது.

*

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறக்குறைய 75,000 பேரை, அவர்களது மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டவை மிகச் சொற்பம். வாசகர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் இழந்தவற்றின் பட்டியலில் வீடு, காணி, நகை, மாடு, வள்ளம் என்று எழுதும்போது புகைப்படங்களை நாம் எழுதுவதில்லை. ஒரு சமூகத்தின் படப்பெட்டி முழுவதுமாகப் போயிற்று. மார்க்கம் கருதிப் படமே வைத்திராத வீடுகளும் இருந்தன. அவற்றிலும் அடையாள அட்டைக்கும் ஹஜ் கடவுச்சீட்டுக்கும் எடுத்த முகங்கள் மட்டும் இருந்தன. அந்த முகங்களுக்குப் பின்னால் ஸ்டூடியோவின் வெள்ளைத் துணிதான் உண்டு.

என் உம்மாவின் யாஸீன் கிதாபுக்குள் ஒரு படம் தப்பியிருந்தது. வாப்பாவும் இரண்டு கூட்டாளிமாரும் கிணற்றடியில் நிற்கிறார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. எடுத்தவர் யார், என்ன கமரா என்பது யாருக்கும் ஞாபகமில்லை. நடுப்பகல் வெயில் என்பது காலடியில் சுருண்டுகிடக்கும் நிழலில் தெரிகிறது. மூவருடைய கண்களும் இடுங்கியிருக்கின்றன. படமாகச் சொன்னால் சுமார். வாப்பாவின் தலைக்கு மேல் ஒரு கிளை முளைத்ததுபோல நிற்கிறது. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் பின்னால் எல்லாமே இருக்கிறது. கிணற்றுக்கட்டு, துலா, ஒரு பாலைமரம், கிடுகு வேலி, வேலிக்கப்பால் பள்ளிவாசல் மதிலின் ஒரு மூலை.

யுத்தம் முடிந்தபின் ஊர் பார்க்கப் போனவர்கள் கண்டது காடு. இருபது வருடத்தில் வீட்டுக்குள் மரம் முளைத்து, கூரை விழுந்து, பாதை மறைந்து, யாருடைய வளவு எது என்று சொல்ல முடியாத நிலை. என் மாமா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நின்றார். “இந்தா, இந்தப் பாலைதான். கிளை அப்படியே இருக்கு. இதுக்கு இடப்பக்கமாத்தான் கிணறு இருக்கோணும்” என்றார். முள்ளை வெட்டிக்கொண்டு போனபோது கிணற்றுக்கட்டு காலில் தட்டுப்பட்டது. வாப்பாவின் தலைக்குமேல் முளைத்த அதே கிளைதான் வழிகாட்டியது. அங்கிருந்து வேலி, வேலியிலிருந்து பக்கத்து வளவு என்று மூன்று குடும்பத்தினர் தத்தம் எல்லையைக் கண்டுகொண்டார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவர் மன்னார் வெயிலுக்குக் கட்டுப்பட்டுத் துவாரத்தைச் சுருக்கியதால்தான் அந்தப் பாலைமரம் அதில் தெளிவாக விழுந்தது. இன்று நம் பிள்ளைகளில் ஒருவர் அதே கிணற்றடியில் 55 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8இல் வைத்து இரண்டு மீற்றர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 14 சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு சாணுக்கும் குறைவு. வாப்பாவின் முகம் இருக்கும், கிணறு இருக்காது. ஓணானைச் சுற்றிச் சுழலும் காட்டைப் பார்த்தபோது என் மனம் கலங்கியது இதனால்தான். அந்தச் சுழிக்குள் யாருடைய எல்லை மரமெல்லாம் போயிருக்கிறதோ.

*

சிறிய துவாரமே உருவத்தின் உண்மையைத் தரும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தவர் நம்மவர் ஒருவர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், சூரிய கிரகணத்தின் உருவம் பற்றிய தமது ஆய்வில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். கிரகணத்தின்போது துவாரமொன்றின் வழியே சுவரில் விழும் சூரியனின் பிம்பம் பிறைவடிவில் தெரிகிறது; ஆனால் துவாரம் பெரிதானால் அதே சூரியன் வட்டமாகத் தெரிகிறதே, ஏன்? துவாரம் அகன்றால் பிறைகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உண்மையான உருவத்தை அழித்துவிடுகின்றன என்று அவர் கேத்திரகணிதத்தால் நிறுவுகிறார். ஒளி குறைவாக வந்தாலும் உருவம் சரியாக வருவது சிறிய துவாரத்தில்தான்.

இந்த விவாதம் புகைப்படக்கலை பிறந்த நாள்முதல் தொடர்கிறது. மங்கலான படங்களுக்காகவே தம் காலத்தில் கண்டிக்கப்பட்டும் போற்றப்பட்டும் வந்த ஜூலியா மார்கரட் கெமரன் தம் கடைசிக் காலத்தை நம் நாட்டில்தான் கழித்தார். 1875இல் வந்தவர் 1879இல் இங்கேயே மரணித்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹேர்ஷல் எல்லோரும் பெயருடன் நிற்கிறார்கள். இலங்கையில் எடுத்தவர்களோ ‘களுத்துறைக் கிராமத்தவர்’ போன்ற தலைப்புக்குள் அடங்கிவிட்டார்கள். மங்கல் வில்லையில் மட்டுமல்ல, தலைப்பிலும் இருந்தது.

அதற்கு எதிர்முனையில் 1932இல் கலிபோர்னியாவில் அன்சல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் எஃப் 64 என்ற மிகச் சிறிய துவாரத்தின் பெயரையே தம் குழுவுக்கு இட்டார்கள். அணு அணுவாகத் தெளிந்த படங்கள் அவை. ஆனால் தெளிவு மட்டும் போதாது என்பதற்கு நம் கரையிலேயே சான்று உண்டு. 1905இல் மறிச்சுக்கட்டியில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் குளியாளர்கள் வந்து குவிந்தார்கள். குன்ஸும் ஸ்டீவன்சனும் 1908இல் நியூயோர்க்கில் வெளியிட்ட முத்துப் பற்றிய பெருநூலில் இலங்கை முத்துக்குளிப்பின் படங்கள் இடம்பெற்றிருக்கின்றன. கயிறும் பாயும் வள்ளமும் கூட்டமும் தெரிகின்றன. அந்தக் கூட்டத்தில் நம் மூதாதையர் நிச்சயம் நிற்கிறார்கள். ஆனால் எவர் என்று சொல்ல ஒரு பெயரில்லை. வில்லை தெளிவாகக் கண்டதை எழுதியவரின் பேனா மங்கவிட்டது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. இடம் தெரிய வேண்டும். ஆளின் பெயரும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் படம் நம்முடையதாக இல்லாமல், பார்ப்பவருடையதாகிவிடுகிறது.

பலஸ்தீனர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். வலீத் காலிதி 1992இல் வெளியிட்ட நூலில் 1948இல் வெறுமையாக்கப்பட்ட 418 கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பதியப்பட்டிருக்கின்றன. அதிலுள்ள படங்களில் பல எந்த அழகும் இல்லாதவை. ஒரு கள்ளிவேலி, ஒரு படிக்கட்டு, சரிந்த சுவர். ஆனால் கள்ளிவேலி இருந்தால் அங்கே ஓர் ஊர் இருந்தது என்று பொருள். நமக்குப் பாலையும் புளியும் கிணற்றுக்கட்டும் மையவாடியின் மீஸான் கற்களும் அப்படித்தான். எருக்கலம்பிட்டி மண்ணின் மைந்தரான மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் இழப்பையும் ஆவணப்படுத்துவதில் செலவிட்டார். அவர் தகவல்களைச் சேர்த்தார். அந்தத் தகவல்களுக்குத் துணைநிற்கும் படங்களைச் சேர்ப்பது நம்முடைய கடன்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. 2015 அளவில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கத்து மீள்குடியேற்றம் ‘வில்பத்துக் காடழிப்பு’ என்று நாடெங்கும் பேசப்பட்டபோது, வெட்டிய மரமும் புதிய கூரையுமே படங்களாகக் கைமாறின. காட்டைப் பற்றிய கவலை பொய்யென்று நான் சொல்லமாட்டேன். எது பழைய ஊர், எது புதிதாக வெட்டியது என்று நேர்மையாகப் பிரித்துக் காட்டவும் படம்தான் வேண்டியிருந்தது. பழைய கிணற்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒரே சட்டகத்தில் காட்டும் படங்கள் நம் கையில் எத்தனை இருந்தன? எடுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவர்களில் பலர் பின்னணியை அழகாக மங்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

*

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். வெளியேற்றத்தைப் பற்றிய நமது கதைகளையும் கவிதைகளையும் முப்பது வருடங்களுக்கு மேலாக வாசித்துவருகிறோம். மாணவர் போட்டிகளுக்கு வரும் ஆக்கங்களையும் நான் வருடந்தோறும் வாசிக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை முழுத்துவாரத்தில் எடுத்த படங்கள். அழுகின்ற ஒரு மூத்தம்மா, அவர் கையில் ஒரு திறப்பு, முன்னால் கடல். அவருடைய கன்னத்துச் சுருக்கம் வரை எழுத்தாளர் காண்கிறார். அவர் எந்த ஒழுங்கையில் இருந்தார், அவருடைய மாப்பிள்ளை கருவாடு வியாபாரமா, மாட்டு வியாபாரமா, வள்ளக்காரன் ஆளுக்கு எவ்வளவு கேட்டான், கற்பிட்டியில் முதலில் சோறு கொடுத்தது யார் என்பவையெல்லாம் மேகத்துக்குள்.

அயலவரும் இந்த மேகத்துக்குள்தான் போகிறார்கள். நம் கதைகளில் தமிழர் ஒரே கூட்டமாக மங்கி நிற்கிறார்கள். பிரியும்போது படலையடியில் நின்று அழுத அயல்வீட்டுக்காரியும், போன பிறகு கதவு நிலையைக் கழற்றிப் போனவரும் ஒரே புகைக்குள் கலந்துவிட்டார்கள். துவாரத்தைச் சுருக்கினால் இருவரும் தனித்தனியே தெரிவார்கள். அது நமக்குச் சங்கடமாகவும் இருக்கும். நம் ஆட்களில் சிலர் செய்தவையும் அந்தத் தெளிவில் விழும். இலக்கியம் அந்தச் சங்கடத்தைத் தாங்க வேண்டும். கண்ணீரை மட்டும் கூர்மையாக்கிச் சுற்றியிருப்பதைக் கரைத்துவிட்டால், அந்தக் கண்ணீர் எவருடையதாகவும் இருக்கலாம்; வாசகர் இரங்கிவிட்டுப் போய்விடுவார். எம்.ஏ. நுஃமான் 1981இல் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்தபோது நாம் அவற்றிலிருந்து கோபத்தையும் சோகத்தையும் எடுத்துக்கொண்ட அளவுக்கு, மண்ணையும் மரத்தையும் பெயர்சொல்லிப் பேசும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மறுதரப்பையும் சொல்லவேண்டும். மங்கல் எப்போதும் குற்றமல்ல. யுத்தகாலத்தில் கமராவே சந்தேகத்துக்குரிய பொருளாக இருந்தது. காவலரணோ பாலமோ பின்னணியில் விழுந்தால் எடுத்தவருக்கும் நின்றவருக்கும் ஆபத்து. பின்னணியைத் தவிர்க்கும் பழக்கத்துக்கு அந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம். அகதி முகாமின் ஓலைக்குடிசையில் ஒரு தாயைப் படமெடுக்கும்போது, கொடியில் தொங்கும் கிழிந்த துணியை மங்கவைப்பது அவருடைய மானத்தைக் காப்பதாகவும் அமையும். அப்படித் தெரிந்து செய்தால் அது தீர்ப்பு. அது கலைஞரின் உரிமை. வில்லையில் உள்ள மிகச் சிறிய எண் எதுவோ அதில் வைத்துத் திருகாணியை இறுக்கிவிட்டதுபோல எல்லாவற்றையும் அதிலேயே எடுப்பது தீர்ப்பல்ல, பழக்கம்.

பழைய வில்லையை விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன். அந்த வில்லையின் உடம்பிலேயே அதற்கான பாடம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தூரம் மீற்றரிலும் அடியிலும் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே துவார எண்கள் இருபக்கமும் சோடி சோடியாக இருக்கும். எந்த எண்ணில் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம்வரை தெளியும் என்பதைக் காட்டும் அளவுகோல் அது. இன்றைய வில்லைகள் பலவற்றில் அது இல்லை. முழுச்சட்டகக் கமராவில் 28 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 11இல் வைத்துத் தூரத்தை 2.4 மீற்றருக்குத் திருப்பிவிட்டால், 1.2 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் தெளியும். அதன்பின் வளையத்தைத் தொடவே வேண்டாம். ஸலாம் சொல்லும் தூரத்தில் நின்று பேசிக்கொண்டே எடுக்கலாம். அக்காலப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் அப்படித்தான் எடுத்தார்கள். பழைய வில்லையின் உண்மையான பழமை அந்த அளவுகோலில் இருக்கிறது.

நால்வரில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுப் போய், அடுத்த வாரமே ஒரு படம் கொண்டுவந்தார். முசலிப் பக்கத்தில் ஒரு பெண், வயது எழுபது இருக்கும், வீட்டு வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். பின்னால் வீட்டுத்திட்டத்தில் கட்டி இன்னும் பூசாத சீமெந்துக்கல் சுவர். அதன் பக்கத்தில் தகரக் கொட்டில். அதற்கும் பின்னால், புல்லுக்குள், பழைய வீட்டின் அத்திவாரம் ஒரு கோடாகத் தெரிகிறது. ஓரத்தில் ஒரு புளியமரம். நிறம் சாதாரணம். வெளிச்சம் கடுமை. ஆனால் 1990க்கு முந்தியதும் பிந்தியதும் இன்றையதும் ஒரே சட்டகத்துக்குள் இருந்தன. இருநூறு படங்களில் இல்லாதது அந்த ஒன்றில் இருந்தது. அவரைப் பாராட்டினேன்.

“இவங்க யாரு?” என்று கேட்டேன்.

“தெரியல்ல சேர்” என்றார். “கேக்கல்ல.”

அடுத்த சனிக்கிழமை அவர் கமராவை வீட்டில் வைத்துவிட்டு, படத்தின் ஒரு பிரதியோடு அங்கே போனார். அந்தப் பெண்ணின் பெயர், அவருடைய வாப்பாவின் பெயர், பழைய வீட்டை யார் கட்டியது, புளியமரத்தை யார் வைத்தது எல்லாவற்றையும் கேட்டுப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். எழுத இடம் போதாமல் ஒரு தாளும் ஒட்டியிருந்தார்.